கன்னியா, செவலையா, சாம்பலா: ஒரே ஈற்றில் எந்தக் குட்டி?

சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஒரு கரிசல் ஊரில், பருத்திமார் அடுக்கிய தொழுவத்தின் மூலையில் ஒரே ஈற்றில் பிறந்த ஆறு நாய்க்குட்டிகள் கிடக்கின்றன. பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. தாய் அசல் கன்னி. உடம்பெல்லாம் கருப்பு, புருவத்தின் மேல் இரண்டு செம்பொட்டு, கன்னத்திலும் மார்பிலும் கால்களிலும் அதே செம்மை. தகப்பன் செவலை. குட்டிகளில் மூன்று தாயைப் போலக் கன்னி, இரண்டு செவலை, ஒன்று சாம்பல். இவற்றில் ஒன்றை அக்காள் வீட்டுக்கு எடுக்க வேண்டும்.

அக்காள் மகனின் கண் சாம்பல் குட்டியை விட்டு நகரவில்லை. அத்தானுக்கு நாய் என்றால் ராஜபாளையம் வெள்ளைதான்; வேறோர் இடத்தில் அதற்கும் சொல்லி வைத்திருக்கிறார். குட்டிக்காரரோ கன்னி ஆண் குட்டி ஒன்றைக் காட்டி, "கன்னிக் கடுவனை எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வந்தால் இருக்காது" என்கிறார். கடைசியில் என்னிடம் கேட்டார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு செவலைகளில் பெட்டையாக இருப்பதை எடுக்க வேண்டும். அந்தத் தொழுவத்துக்கு வந்துபோனவர்களில் ஒருவர்கூட அதைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை.

வீடு பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கிறது. சுற்றுச்சுவர், ஓட இடம், இரண்டு வேம்பு, பகல் முழுக்க வீட்டில் ஆள். வேட்டைக்காக யாரும் கேட்கவில்லை. முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காவலுக்கு ஒரு குரல் வேண்டும், பிள்ளைகளுக்குத் துணை வேண்டும், சில ஆண்டுகள் கழித்து நல்ல இணை அமைந்தால் ஓர் ஈற்றுக் குட்டி எடுக்க வேண்டும். இந்தக் கடைசி ஆசைதான் நிறத்தைப் பெரிய கேள்வியாக்குகிறது. வளர்ப்பதற்கு மட்டும் என்றால் நலமாக இருக்கும் எந்தக் குட்டியும் போதும். குட்டி எடுப்பது என்று வந்துவிட்டால், தோலில் தெரியும் நிறத்தோடு உள்ளே ஒளிந்திருக்கும் நிறத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் கரிசல் நாயில் கருப்பும் செம்பொட்டுமாக இருப்பதைக் கன்னி என்றும், செவலை போன்றவற்றைச் சிப்பிப்பாறை என்றும் சொல்கிறார்கள். சிப்பிப்பாறை என்பது இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊர். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலிச் சீமையோடுதான் இருந்தன. கோவில்பட்டி 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம். அந்தக் கரிசல் முழுவதும் நாய்க்கு ஒரே நிலம். கன்னி என்பது ஊர்ப் பெயர் அல்ல, நிறத்தின் பெயர் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு என் சாட்சி ஆடு. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பு ஆட்டுக்கும் கன்னி ஆடு என்றுதான் பெயர். முகத்தின் இருபுறமும் இறங்கும் கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. கருப்பு உடம்பு, முகத்திலும் காலிலும் அடிவயிற்றிலும் வேறு நிறம் என்ற அதே அமைப்புதான் நாயிலும். கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராக அனுப்பிய நாய் என்பதால் கன்னி என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆட்டுக்கும் அதே பெயர் ஏன் வந்தது என்பதற்கு அந்தக் கதையில் விடை இல்லை.

கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டு இனங்களா, ஓர் இனத்தின் இரண்டு நிறங்களா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலியில் பேசியபோது கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று நான்கையும் வேறுவேறாகவே சொன்னார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: ஒரு தாய் ஓர் ஈற்றில் இரண்டையும் போட்டிருக்கிறாள். அதே கூர்மூஞ்சி, அதே இறங்கிய நெஞ்சு, அதே ஒட்டிய வயிறு. நிறத்தை மறைத்துவிட்டு நிழலை மட்டும் காட்டினால் எது கன்னி, எது செவலை என்று எந்தப் பழக்கக்காரராலும் சொல்ல முடியாது.

நாயின் முடியில் இரண்டே சாயங்கள்தான் உண்டு. ஒன்று கருப்பு, மற்றொன்று செம்மஞ்சள். நாம் பெயர் வைக்கும் அத்தனை நிறங்களும் இந்த இரண்டும் எங்கே, எவ்வளவு, எப்படி இறங்குகின்றன என்பதில் பிறக்கும் கணக்கு. நிறத்துக்கான மரபணுவில் குட்டி ஒவ்வொன்றுக்கும் தாயிடம் ஒரு பங்கும் தகப்பனிடம் ஒரு பங்கும் வருகின்றன. செவலைப் பங்கு ஓங்கி நிற்பது. ஒன்று இருந்தாலே குட்டி செவலை. கன்னிப் பங்கு அடங்கிப்போவது. இரண்டும் கன்னியாக இருந்தால்தான் கருப்பும் செம்பொட்டும் வெளியே தெரியும்.

இதை வைத்துக்கொண்டு அந்தத் தொழுவத்தைத் திரும்பப் பாருங்கள். தாய் கன்னி, ஆகவே அவளிடம் கொடுப்பதற்குக் கன்னிப் பங்கு மட்டுமே இருக்கிறது. செவலையாகப் பிறந்த குட்டியும் தாயிடமிருந்து ஒரு கன்னிப் பங்கை வாங்கித்தான் பிறந்திருக்கிறது. அதாவது அந்தச் செவலைப் பெட்டையின் மஞ்சள் தோலுக்குள் ஒரு கன்னி உறங்குகிறது. இதில் ஊகம் ஏதும் இல்லை, தாயின் நிறமே அதற்குச் சான்று. அவளை நாளை ஒரு கன்னிக் கடுவனோடு சேர்த்தால் குட்டிகள் பாதிக்குப் பாதி கன்னியாகவும் செவலையாகவும் வர வாய்ப்பு இருக்கிறது. கன்னியைக் கன்னியோடு சேர்த்தாலோ செவலை பிறக்காது. கருப்பு நிறத்தை முழுவதும் தடுக்கும் வேறொரு அடங்கிய பங்கு இருபுறமும் ஒளிந்திருந்தால் வெளிர் மஞ்சளாக ஒரு குட்டி எப்போதாவது வரும். அப்படி ஒன்று பிறந்துவிட்டது என்பதற்காக மட்டும் தகப்பனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

கன்னியைப் பற்றிக் குறை சொல்ல என் வாய் எழாது. இந்த நாட்டு நாய்களில் அழகு என்று கேட்டால் நானும் அதைத்தான் காட்டுவேன். குட்டியில் பார்த்த நிறம் பெரிய நாயிலும் அநேகமாக அப்படியே இருக்கும், அதனால் வாங்குபவர் ஏமாற வழியில்லை. புருவப் பொட்டும் கால் செம்மையும் கூர்மையாகப் பிரிந்திருக்கிறதா என்று ஐந்தாவது வாரத்திலேயே பார்த்துவிடலாம். அக்காள் வீட்டில் சிக்கல் இரண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கருப்பு முடி சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும்; நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பது கிடையாது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். வேப்ப நிழலும் தண்ணீரும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். மற்றது இரவு. விளக்கில்லாத சாலையில் கருப்பு நாய் வண்டிக்காரர் கண்ணில் படாது. ஒளி பட்டால் மின்னும் கழுத்துப்பட்டை கட்டாமல் கன்னியை வெளியே விடக் கூடாது. இவை இரண்டும் வழி இருக்கும் சிக்கல்கள்தான்.

கன்னியைத் தள்ளி வைக்க எனக்கு இருக்கும் உண்மையான காரணம் வேறு. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெயர் பெற்ற ஒரு கன்னிக் கடுவன் இருந்தால் சுற்று வட்டாரத்துப் பெட்டைகள் எல்லாம் அதனிடமே போகின்றன. இரண்டு தலைமுறையில் எந்தக் குட்டியை எடுத்தாலும் அதற்கு ஒரே பாட்டன். அடங்கிக் கிடக்கும் கெட்ட பங்குகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது அப்படித்தான். நிறம் சுத்தம், நிறம் சுத்தம் என்று ரத்தத்தைக் குறுக்கிக்கொண்டே போகிறோம். செவலையாகப் பிறந்த நல்ல பெட்டைகள் கணக்கிலேயே இல்லாமல் போகின்றன. இது என்னை வருத்துகிறது.

சாம்பலுக்கு வருகிறேன். இந்தக் குட்டியும் அடிப்படையில் கன்னிதான். கருப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் மழை மேகத்து நிறம்; பொட்டுகள் செம்மை மங்கித் தேன் நிறமாக இருக்கின்றன. மூக்கும் சாம்பல், கண்ணும் வெளிறியது. கருப்புச் சாயம் முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்பதால் இந்த நிறம் வருகிறது. இதுவும் அடங்கிய பங்கு; தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்தால்தான் வெளியே வரும். ஆகவே இந்த ஒரு குட்டி பெற்றோர் இருவரையும் பற்றி ஒரு செய்தி சொல்கிறது.

மருமகன் கைப்பேசியில் எனக்குக் காட்டிய படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவனிடம் நான் சொன்னது இதுதான். இந்த நிறத்தோடு ஒரு தோல் நோய் கூட வரலாம். குட்டியாக இருக்கும்போது முடி நன்றாகவே இருக்கும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், பெரும்பாலும் முதுகு வரிசையில் தொடங்கி, முடி மெலிந்து உதிரும். தோல் காய்ந்து செதிலாகும். சிறு சிறு கொப்புளம் வரும். சாம்பல் நிற டாபர்மேனில் இதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: சாம்பல் பகுதியில்தான் முடி உதிரும், செம்பொட்டு இருக்கும் இடத்தில் முடி அப்படியே நிற்கும். சாயம் திரண்ட முடிதான் உடைகிறது என்பதற்கு நாயின் உடம்பே காட்டும் சான்று அது. உயிருக்கு ஆபத்தில்லை, தொற்றவும் செய்யாது. ஆனால் முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவி ஓய்ந்து போகிறவர்கள் உண்டு.

சாம்பலாகப் பிறந்த எல்லா நாய்க்கும் இது வருவதில்லை. வருமா வராதா என்பதை ஐந்து வாரக் குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வளர்ப்பதற்கு மட்டும், வந்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வோம் என்று இருப்பவர் எடுக்கலாம். அந்தக் குட்டிக்கும் ஒரு வீடு வேண்டும் அல்லவா? சாம்பலைச் சாம்பலோடு சேர்த்து, அரிய நிறம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்குக் குட்டி எடுப்பதுதான் தவறு. அதோடு, அரிய நிறத்தில் வேறொரு வகையும் விற்கிறார்கள்: சாம்பலில் கருப்புத் திட்டுத் திட்டாக, பளிங்குத் தரை போல, ஒரு கண் நீலமாக. கரிசல் நாயில் அப்படி ஒரு நிறத்தை நான் கண்டதில்லை. வெளிநாட்டு நாயின் கலப்பாக இருக்குமோ என்றே முதலில் பார்க்க வேண்டும். அந்தத் திட்டு நிறப் பங்கு இருபக்கமிருந்தும் சேர்ந்த குட்டிக்குச் செவிடும் பார்வைக் குறையும் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

புலிவரி அந்த ஈற்றில் இல்லை. இருந்தால் சுருக்கமாக ஒன்று சொல்வேன்: வரிக் குட்டி வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவரிடம் வரி இருக்க வேண்டும். கன்னியாக இருந்தால் அது கால், கன்னச் செம்மையில் மட்டும் மெல்லிதாகத் தெரியும், உற்றுப் பாருங்கள்.

அத்தானின் வெள்ளை பற்றி எழுதுவதுதான் எனக்குக் கடினம். அந்த வீட்டில் முன்பு இருந்தது ராஜபாளையம் பெட்டை. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன் நிறக் கண். இந்திய அஞ்சல்துறை 2005 ஜனவரியில் நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் பக்கத்திலிருந்து இடம் பெற்றது ராஜபாளையம்தான். அந்தப் பெருமை அத்தானுக்கு எப்போதும் உண்டு. எட்டு மாதமாகக் கூப்பிட்டால் வராததை முரண்டு என்றே நினைத்தோம். தட்டை எடுத்தால் ஓடி வரும், காலடி அதிர்வு பட்டால் எழும். ஒரு மாலை திறந்து கிடந்த கதவு வழியாகச் சாலைக்குப் போனது. லாரிக்காரர் ஒலிப்பானை விடாமல் அடித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவர் ஒருவர் காரணத்தை விளக்கினார்.

கரு வளரும்போது சாயத்தைத் தரும் உயிரணுக்கள் முதுகுத்தண்டின் ஓரத்தில் பிறந்து, உடம்பெங்கும் இறங்கிப் பரவுகின்றன. கடைசியாகப் போய்ச் சேரும் இடங்கள் மார்பு, கால்விரல், வால்நுனி. அதனால்தான் கன்னியிலும் செவலையிலும்கூட அந்த இடங்களில் சிறு வெள்ளை தெரிகிறது. அதைக் கலப்பு என்று சொல்லி ஒதுக்குவதில் நியாயம் இல்லை. உட்காதுக்கும் அதே அணுக்கள் போய்ச் சேர வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகும். காதோரமும் தலையும் முழு வெள்ளையாக இருக்கும் இனங்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதற்கு இதுவே காரணம். எல்லா ராஜபாளையமும் செவிடு அல்ல. நல்ல காதோடு, உயிரைக் கொடுத்துக் காக்கும் நாய்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் காதைச் சோதிக்காமல் வெள்ளைக் குட்டி எடுக்கவே கூடாது. குட்டியைத் தனியாகப் பிரித்து, தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று படும், தரையில் மிதித்தால் அதிர்வு போகும். இரண்டும் நம்மை ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின்னலைகளைக் கருவி வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இளஞ்சிவப்புத் தோலுக்கு நம் வெயிலும் ஆகாது. மூக்கு நுனியும் காது மடலும் கருகும். திரும்பத் திரும்பக் கருகும் இடத்தில் புற்று வர வாய்ப்பு உண்டு. கருப்பு நாய் வெயிலில் சூடாகிறது, வெள்ளை நாய் வெயிலில் புண்ணாகிறது. அத்தானிடம் நான் வாதாடவில்லை. இன்னொரு வெள்ளை வேண்டுமென்றால் காதுச் சோதனைச் சீட்டோடு வாங்குவோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்த முறை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

செவலையிடம் மயங்க வைக்கும் எதுவும் இல்லை. தெரு நாயும் அந்த நிறம்தானே என்பார்கள். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. உலகம் முழுக்க மனிதர் கை வைக்காமல் தானே பெருகும் நாய்களில் மிகுதியாகக் காண்பது இந்த மஞ்சள் செம்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. காய்ந்த புல்லிலும் தேரி மணலிலும் கலந்துவிடும் நிறம், கருப்பு மூக்கு, மை தீட்டிய கண்விளிம்பு, வெயிலைத் தாங்கும் நிறமுள்ள தோல். குட்டிப் பருவத்தில் மட்டும் பார்வைக்குச் சுமார்: முகத்திலும் முதுகிலும் புகை படிந்தாற்போல் கருப்பு இருக்கும். மாதங்கள் போகப் போக அது வெளுத்துச் சந்தனமாகவோ செம்பாகவோ தெளியும். எந்த அளவுக்குத் தெளியும் என்று அறியத் தகப்பனைப் பார்க்க வேண்டும். இங்கே தகப்பன் நல்ல செம்பு நிறம், முகத்தில் மட்டும் மை.

ஒரு கவலை பாக்கி இருக்கிறது. சாம்பல் உடன்பிறப்பு இருப்பதால், இந்தச் செவலைப் பெட்டையிடம் சாம்பல் பங்கு ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஈற்றில் சாம்பல் அல்லாத மற்ற நான்குக்கும் இதே கணக்குதான், கன்னிக் கடுவனும் அதில் அடக்கம். அதனால் இதை வைத்து ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாது. செய்ய வேண்டியது இணை தேடும்போது. கன்னத்து உள்தோலைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இருந்தாலும் கவலையில்லை, சாம்பல் பங்கு இல்லாத கடுவனோடு சேர்த்தால் ஒரு சாம்பலும் பிறக்காது.

கடுவனை விட்டுப் பெட்டையை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று அக்காள் கேட்டாள். பெட்டை நம்மிடம் இருந்தால் எந்த இணை, எப்போது, எத்தனை முறை என்பது நம் கையில் இருக்கும் என்றேன். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது என்கின்றன. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்பதும் தடை. குட்டிக்காரர் இன்றே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அவர் பிழைப்பு எனக்குப் புரிகிறது. முன்பணம் கொடுத்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் தாயோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். அதற்குள் குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதம் ஆனதும் பாளையங்கோட்டையில் போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் மற்றவற்றையும் பார்த்தேன். ஈறு சிவப்பாக இருந்தது, தொப்புளில் வீக்கம் இல்லை, பல்வரிசை ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெட்டையின் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். இரண்டு காதும் ஒருசேரத் திரும்பின. மருமகன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சாம்பல் குட்டியை யார் எடுப்பார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். புளியங்குடிப் பக்கத்தில் குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத, தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். தோல் நோய் விவரத்தை முழுவதும் சொல்லி, இன்று இரவு அவரிடம் பேசப் போகிறேன்.